நின்னா போதும்

…உக்கார எடமா? நல்லாத் தேடுங்க தம்பி. கெடைச்சா எனக்கும் ஒரு குரல் குடுங்க. பஸ் ஸ்டாப்புன்னு இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கட்டி, அதுக்கு மேல கவுந்த படகாட்டம் ஒரு கூரையைப் போட்டு, ராத்திரிக்கு நீல விளக்கெல்லாம் வச்சவன், மனுஷன் பின்பக்கத்தை வைக்கறதுக்கு ஒரு பலகை போட மறந்துட்டானா? மறக்கல! வேணும்னுதான் போடல. அதுதான் இங்க விசேஷமே. இந்தக் கட்டையா? இது உக்காரறதுக்கு இல்ல, சாயறதுக்கு. சாஞ்சு பாருங்களேன்… ஆங், பாத்தீங்களா? நெட்டையா இருக்கற உங்களுக்கே நடுமுதுகுல குத்துது. எனக்குக் கழுத்துக்கு வருது. ஒருநாள் சாஞ்சு பாத்தேன், முடிவெட்டிக்க வந்தவ மாதிரி தலை மட்டும் பின்னால தொங்குது.

பையைக் கீழ வைங்க. தரை சுத்தம்தான். தரையைத் தொடைக்க ஒரு ஆளு போட்டிருக்காங்க. பஸ்ஸை நிறுத்தத்தான் ஆளில்ல.

மணி என்ன ஆச்சு?… சரி, அப்ப இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. இன்னிக்கு மட்டும் அந்த பஸ் நிக்காமப் போகட்டும், இருக்கு அவனுக்கு! இந்தக் கட்டடத்துக்காக டவுன்ல விழா தம்பி. மேடை, மாலை, மைக்கு எல்லாம் உண்டு. நான் பேசணும். ஆமா, நான்தான். ஏன் அப்படிப் பாக்கறீங்க? வீட்டுல இருக்கறதுலயே நல்ல துணியாப் பாத்துக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன், தெரியல? மேடைல பஸ் டிப்போவோட பெரிய அதிகாரி உக்காந்திருப்பாராம். அவரு மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லணும். அதுக்கு நான் இந்த பஸ்ஸைப் புடிக்கணும். இதை விட்டா அடுத்த பஸ்ஸு சாயங்காலந்தான், அதுக்குள்ள அங்க மாலையெல்லாம் வாடிடும்.

நீங்க நடந்துதானே வந்தீங்க, மேட்டு ரோட்டுலேர்ந்து? பையும் காமிராவுமாப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். நடந்து வர்ற ஜனங்க பரவால்ல, பாவம், நாலு போட்டோ எடுத்துட்டுத் தண்ணி குடிச்சுட்டுப் போயிடுவாங்க. இந்தக் காருல வர்றதுங்க இருக்கே… அதோ பாருங்க, அந்த வெள்ளைக் காரு! மஞ்சள்ல கட்டம் போட்டு, உள்ள ‘பஸ்’னு ஆள் ஒசரத்துக்கு எழுதி வச்சிருக்கு. அதும்மேலயே கொண்டாந்து நிறுத்தியிருக்கான், ‘ப’ மட்டும்தான் வெளிய தெரியுது. எந்த மகராசன் பெத்த புள்ளையோ! படிச்சவனாத்தான் இருப்பான். படிக்காதவன் எழுத்தைப் பாத்தா பயந்துக்கிட்டுத் தள்ளி நிறுத்துவான். என்ன? என்னமோ சொல்ல வர்றீங்க… இருங்க இருங்க, நான் சொல்லி முடிச்சிடறேன். நடுவுல விட்டா எனக்கு மறந்துடும்.

எங்க விட்டேன்? ஆங், கட்டை. இல்ல, கட்டடம்.

இந்த ஊர்ல பஸ் ஸ்டாப்பு மூணு தம்பி, பஸ்ஸு ஒண்ணு. மூணுக்கும் மூணு ஆர்க்கிடெக்ட்டு. பால் டிப்போவுக்குப் பக்கத்துல இருக்கே, கண்ணாடிப் பொட்டி, அதைப் பாத்தீங்கல்ல? வெயில் ஏறிடுச்சுன்னா உள்ள நிக்கறவன் வெந்துடுவான். எங்க முட்டை ஷெட்டுல குஞ்சு பொரிக்கற மெஷின் இருக்கு, அதுகூட இவ்வளவு சூடு கெடையாது. இன்னொண்ணு குளத்துப் பக்கம். கூரைக்கு நட்டநடுவுல இம்மாம் பெரிய ஓட்டை. ஏன்யா ஓட்டைனு கேட்டா, ஆகாயத்தைப் பாக்கவாம்! ஆகாயம் வெளிய நின்னா தெரியாதா? மழைக்கு ஒதுங்கறதுக்கு ஒரு கூரை, அந்தக் கூரைல மழை வர்றதுக்கு ஒரு ஓட்டை. அந்த ரெண்டு பக்கமும் பஸ்ஸே போறதில்ல, அது வேற கதை. அழகுக்குக் கட்டினாங்களாம்.

நான் முட்டை ஷெட்டுல இருக்கேன், சொன்னேன்ல? இருட்டறையில நின்னுக்கிட்டு, அடியில விளக்கு எரியும், அதும்மேல ஒவ்வொரு முட்டையா வச்சுப் பாக்கணும். விரிசல் இருக்கா, உள்ள ரத்தப்பொட்டு இருக்கா, கெட்டதா, நல்லதா… பாத்துப் பாத்து ட்ரேயில அடுக்கணும். காலைலேர்ந்து நிக்கறதுதான் வேலையே. அங்கயும் நிக்கணும், இங்க வந்தும் நிக்கணும். கால் ரெண்டும் என்னைத் திட்டுறது எனக்கே கேக்குது.

ஒருநாள் பொறுக்க முடியாம ஷெட்டுலேர்ந்து பழைய பிளாஸ்டிக் ஸ்டூல் ஒண்ணைக் கொண்டாந்து இங்க மூலையில போட்டேன். சிவப்பு ஸ்டூலு, ஒரு கால் லேசா வளைஞ்சது. உக்காந்தா ஆடும், ஆனா உக்காரலாம். மறுநாள் வந்து பாக்கறேன், ரெண்டு பேரு அந்த ஸ்டூலைச் சுத்திச் சுத்திப் போட்டோ எடுக்கறாங்க! மண்டி போட்டு எடுக்கறான் ஒருத்தன். ‘இந்தச் சிவப்பு இங்க என்ன சொல்லுது தெரியுதா’ங்கறான் இன்னொருத்தன்கிட்ட. என்ன சொல்லுது? முட்டைக்காரிக்குக் கால் வலின்னு சொல்லுது! நான் போய் அதுல உக்காந்தேன். ‘அம்மா, கொஞ்சம் எந்திரிங்க, அதைத் தொடக்கூடாது’ன்னு என்னையே எழுப்பி விட்டான் தம்பி. என் ஸ்டூலு! அப்புறம் தொடைக்கற ஆளு வந்து, எடத்தோட அழகு கெடுதுன்னு எடுத்துக்கிட்டுப் போயிட்டான். இப்ப அவன் வீட்டு வாசல்ல கெடக்கு. அவன் மட்டும் ஜம்முனு உக்காந்திருக்கான்.

எங்க கெளம்பிட்டீங்க? அந்தக் காருக்கிட்டயா? அங்க என்ன இருக்கு போட்டோ எடுக்கறதுக்கு? வாங்க இங்க, முக்கியமானதை நீங்க இன்னும் பாக்கவே இல்ல. இந்தப் பக்கம், செவுத்தைப் பாருங்க. படிங்க.

‘நின்றால் போதும்.’ கீழ பாருங்க, சின்னதா, ‘ஓர் ஊர்ப் பெண்மணி.’

எப்படி இருக்கு? கருங்கல்லுல வெட்டியிருக்காங்க. இந்த வரியை வச்சுத்தான் மொத்தக் கட்டடமும்! புஸ்தகம் போட்டிருக்காங்க, பளபளன்னு. பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுல வச்சுப் படிச்சுக் காட்டினாங்க. ‘ஓடிக்கொண்டே இருக்கும் இந்த உலகத்தில், ஒரு பெண் இருக்கையைக் கேட்கவில்லை, வசதியைக் கேட்கவில்லை, நிற்பதை மட்டுமே கேட்டாள்.’ கேட்டாளாம்! எவளாவது கேப்பாளா தம்பி? கால் ரெண்டும் கல்லாட்டம் கனக்கறப்ப, ‘ஐயா, எனக்கு உக்கார வேணாம், நிக்கற பாக்கியத்தைக் குடுங்க’ன்னு எந்தக் கிறுக்கியாவது போய்க் கேப்பாளா? ஊர்ல வயசானதுங்க வந்து இங்க நிக்க முடியாம நிக்கறப்பல்லாம் திட்டுதுங்க, எந்த மூதேவிடி இதைச் சொன்னான்னு. நானும் சேந்துக்கிட்டுத் திட்டுவேன். நல்லாத் திட்டுவேன். மத்தவங்களவிட ரெண்டு வார்த்தை கூடவே போட்டுத் திட்டுவேன்.

ஏன்னா, சொன்னது நான்தான்.

சிரிங்க. சிரிச்சுட்டுப் போங்க. இதுக்குத்தான் மைக்கு, இதுக்குத்தான் மாலை. அந்தப் பெண்மணி நான்தான். என்னைப் பெண்மணின்னு இதுவரைக்கும் ஒருத்தன் கூப்பிட்டதில்ல, இனிமே கூப்பிடவும் வேணாம்.

நடந்ததைக் கேளுங்க. அப்ப இங்க ஒண்ணுமே கெடையாது, வெறும் மண்ணு, ஒரு வேப்பமரம். பஸ் ஓட்டறவன் எப்பவும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பான், நாங்க ‘கூலிங்கிளாஸ்’னுதான் சொல்லுவோம். அவனுக்கு மனசிருந்தா நிறுத்துவான், இல்லைன்னா காத்துல தூசியைக் கெளப்பி விட்டுட்டுப் போயிடுவான். கேட்டா, ‘இங்க ஸ்டாப்புன்னு என்ன அடையாளம் இருக்கு? ஒண்ணு கட்டுங்க, நிறுத்தறேன்’ம்பான். எங்க தலைவரும் அலைஞ்சு திரிஞ்சு, யார் யாரையோ புடிச்சு, கடைசில ஒரு ஆர்க்கிடெக்ட்டு வந்தாரு. கொளுத்தற வெயில்ல கழுத்துல மப்ளர் சுத்திக்கிட்டு! அதனால அவரு பேரு மப்ளர். நல்ல மனுஷன்தான், சும்மா சொல்லக்கூடாது. ஒவ்வொருத்தர் வீடா வந்து, தரையில சம்மணம் போட்டு உக்காந்து, ‘உங்களுக்கு என்ன வேணும்’னு கேட்டாரு. கவனிங்க, அவரு உக்காந்துக்கிட்டுதான் கேட்டாரு.

எங்க வீட்டுக்கும் வந்தாரு. அப்ப என் பொண்ணு வேலைக்குச் சேந்த புதுசு, டவுன்ல மூக்குக்கண்ணாடிக் கடையில. அன்னிக்குத்தான் பஸ் நிக்காமப் போய், ஊருக்கு வெளிய பாலத்துல எறங்கி, இருட்டுல ஒத்தையா நடந்து வந்து சேந்திருந்தா. செருப்பு அறுந்து கையில தொங்குது. இவரு வந்து, கூரை எப்படி இருக்கணும், என்ன நெறம் புடிக்கும்னு கேக்கறாரு. நான் சொன்னேன், ‘ஐயா, கூரையும் வேணாம் நெறமும் வேணாம். நின்னா போதும்.’

யாரு நின்னா போதும்? பஸ்ஸு! பஸ்ஸு நின்னா போதும்! இதுல என்ன சந்தேகம்? பஸ் ஸ்டாப்பைப் பத்திப் பேசறப்ப வேற எது நிக்கணும்? அந்த மனுஷன் கண்ணை மூடிக்கிட்டாரு. நான் மனுஷனுக்கு மயக்கம் வந்துடுச்சோன்னு தண்ணி மொண்டு வந்தேன். கண்ணைத் தெறந்து, ‘நின்னா போதும்’னு அவரே ஒரு தடவை மெதுவாச் சொல்லிப் பாத்துட்டு, என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. பரவால்லயே, நம்ம கஷ்டம் புரிஞ்சுடுச்சுன்னு நானும் நம்பிட்டேன். பஸ் நிக்கணும்னு நான் சொன்னா, ஜனங்க நிக்கணும்னு அவருக்கு விழுந்திருக்கு. கடைசில பெஞ்சு போச்சு. அப்புறம் கல்லுல வெட்டறப்ப ‘நின்னா’வை ‘நின்றால்’னு திருத்தினாங்க பாருங்க! எழுத்தைச் சரி பண்ணத் தெரிஞ்சுது. ‘யாரும்மா நிக்கணும்’னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியல.

பொறுங்க, அவசரப்படாதீங்க, இன்னும் மணி ஆகல. என்னது, காரா? காரைப் பத்தித்தான் வர்றேன், நீங்க ஏன் பறக்கறீங்க?

கட்டி முடிச்ச புதுசுல பஸ்ஸு நின்னுது தம்பி. பொய் சொல்லக்கூடாது. மஞ்சக் கட்டத்துக்குள்ள அழகா வந்து நின்னுது. என் பொண்ணு தெனமும் சாயங்காலம் இங்க எறங்கி, நான் ஷெட்டுலேர்ந்து வர்றதுக்கும் அவ வர்றதுக்கும் சரியா இருக்கும். ரெண்டு பேரும் பேசிக்கிட்டே வீட்டுக்குப் போவோம். நான் பேசிக்கிட்டே போவேன், அவ கேட்டுக்கிட்டே வருவா. உக்கார எடமில்லைன்னாலும் போகுதுன்னு நெனச்சேன். என்ன, நிக்கத்தானே செய்யுது!

அப்புறம் பேப்பர்ல படம் வந்துச்சு. அவ்வளவுதான், கார் வர ஆரம்பிச்சுது. பஸ் ஸ்டாப்பைப் பாக்க பஸ்ல ஒருத்தனும் வரமாட்டான், கவனிச்சீங்களா? எல்லாம் காருலதான். வந்து எங்க நிறுத்துவான்? மஞ்சக் கட்டத்துலதான், அங்கதானே நெழலு! கட்டத்துல கார் நின்னா கூலிங்கிளாஸ் நிறுத்த மாட்டான். நடுரோட்டுல நிறுத்தினா பின்னால வர்ற வண்டி மோதும், கட்டத்துக்குள்ளதான் நிறுத்தணும்னு டிப்போல உத்தரவாம். ஆனா ஒண்ணு, வேகத்தைக் கொறைப்பான். எதுக்கு? உள்ள இருக்கறவங்க ஜன்னல் வழியாப் போட்டோ எடுக்க! அவங்க எடுத்து முடிச்சதும் கெளப்பிக்கிட்டுப் போயிடுவான். நாங்க கையைக் கையை ஆட்டறோம், அதையும் எடுத்துக்கறாங்க.

பொண்ணு மறுபடியும் பாலத்துல எறங்கி நடந்தா. ஒரு வாரம் பாத்தா. அப்புறம், ‘அம்மா, டவுன்லயே ரூம் எடுத்துக்கறேன்’னா. சரி, மழைக்காலம் முடியற வரைக்கும்தானேன்னு நானும் விட்டேன். துணியெல்லாம் எடுத்து வச்சா. கடைசில கட்டில்லேர்ந்து தலகாணியைத் தூக்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டா. துணியை எடுத்துக்கிட்டுப் போனா திரும்பி வருவான்னு நெனச்சுக்கலாம் தம்பி. தலகாணியை எடுத்துக்கிட்டுப் போனா என்ன நெனைக்கறது?… நீங்களே சொல்லுங்க.

வீடு ‘ஓ’ன்னு இருக்கு இப்ப. செவுத்துக்கிட்டப் பேசிக்கிட்டிருக்கேன். அதனாலதான் ஆளைப் பாத்தா விடாமப் புடிச்சுக்கறேன் போலிருக்கு. கோவிச்சுக்காதீங்க.

போன வாரம் போன்ல சொன்னா, ‘பஸ் மட்டும் ஒழுங்கா நிக்கட்டும்மா, அன்னிக்கே மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்துடறேன்’னு. இன்னிக்கு விழாவுக்கு வரேன்னிருக்கா, கடையில சொல்லிட்டு. அவ கீழ உக்காந்திருக்கறப்ப நான் மேல நின்னு அந்த அதிகாரிகிட்ட சொல்லப்போறேன். ‘ஐயா, நின்னா போதும்னு சொன்னது நான்தான். நான் நிக்கறதைச் சொல்லல, உங்க பஸ்ஸைச் சொன்னேன். அந்தக் கட்டத்துல காரை விடாம ஒரு சங்கிலி கட்டுங்க. என் பொண்ணு வீட்டுக்கு வரட்டும்.’ அவ்வளவுதான், இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசமாட்டேன். நல்லாயிருக்கா? சங்கிலின்னு சொல்லலாமா, இல்ல வேற ஏதாவது நாகரிகமாச் சொல்லணுமா?

விழா நடத்தறவங்க ஒரு காரு அனுப்பக் கூடாதான்னு கேக்கறீங்களா? நானும் கேட்டேனே! ‘பஸ்லயே வாங்கம்மா, அதுதான் பொருத்தமா இருக்கும், நீங்க பஸ்ஸை விட்டு எறங்கறதைப் படம் எடுக்கறோம்’னாங்க. எறங்கறதைப் படம் எடுக்கறாங்களாம், ஏத்தி விட ஒருத்தனையும் காணோம்!

சத்தம் கேக்குதா? அதோ, அதோ திரும்புது! கூலிங்கிளாஸேதான்! வாங்க தம்பி, நீங்களும் சேந்து கையை ஆட்டுங்க. நெட்டையா இருக்கீங்க, நல்லாத் தெரியும். எங்க ஓடறீங்க, இந்தப் பக்கம் நில்லுங்க! ஏய்! ஏய்ய்! நிறுத்துப்பா! கொறைக்கறான்… கொறைக்கறான்… பாருங்க, ஜன்னல் பூரா போனு! போட்டோவா எடுக்கறீங்க, எடுங்கடா! கதவைத் தெறங்கடா, நான்தாண்டா அந்தப் பெண்மணி! ஏய்… ஏ…

…போயிட்டான்.

போயே போயிட்டான். எல்லாம் அந்த வெள்ளைக் கார்க்காரனால! அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும், அவனை அந்த இருட்டறையில, என் விளக்குமேல உக்கார வச்சுப் பாக்கறேன், உள்ள என்ன இருக்குன்னு. மனசு இருக்கா, வெறும் ஓடா…

கையில என்ன அது? சாவியா? எந்தச் சாவி?

ஏன் தம்பி… நீங்க அமுக்கினதும் அந்தக் காரு கண்ணைச் சிமிட்டுது?

உங்களுதா.

நடந்து வரலையா நீங்க? அப்ப ஏன் சொல்லல?… சொல்ல வந்தீங்களா? எப்ப?… ஆங். காருன்னு என்னமோ ஆரம்பிச்சீங்க, ஆமா. நான்தான் இருங்கன்னேன்… அதை நகத்தறதுக்குத்தான் போனீங்களா? நான் போட்டோ எடுக்கன்னுல்ல நெனச்சேன்… பஸ்ஸு வர்றப்ப ஓடினதும் அதுக்குத்தானா?

ஐயோ.

யாரு நிக்கணும்னு அந்த மனுஷன் என்னைக் கேக்கலைன்னு இவ்வளவு நேரம் கத்தறேன். யாரு காருன்னு நான் உங்களைக் கேட்டேனா? நான் வாயைக் கொஞ்சம் மூடியிருந்தா பஸ் நின்னிருக்கும். இதையா நான் போய் மைக்குல சொல்றது? என் பொண்ணு அங்க வாசல்ல நின்னு ஒவ்வொரு பஸ்ஸாப் பாத்துக்கிட்டிருப்பா. அம்மா இன்னிக்கும் வரலைன்னு… சரி, போங்க. நீங்க போங்க தம்பி. உங்க மேல தப்பில்ல. பையை எடுத்துக்கிட்டீங்களா? போங்க.

…நெசமாவே போறீங்களா? டவுன் பக்கமாத்தான் திருப்பறாரு. ஏன் தம்பி, டவுனுக்கா போறீங்க? தம்பி! கண்ணாடியை ஏத்திட்டாரு. கேக்காது. என் வாய்க்குப் பயந்துக்கிட்டு ஓடறாரு… தம்பீ! நில்லுங்க! ஒரே ஒரு நிமிஷம்! நின்னா போதும்! நின்னா போதும் தம்பீ!

…நின்னுடுச்சு.

நின்னுடுச்சே! வர்றேன், வர்றேன், கெளப்பிடாதீங்க… அப்பா, மூச்சு வாங்குது. கதவு எந்தப் பக்கம் தெறக்கும்? இதுவா? பேசாம வர்றேன் தம்பி, சத்தியமா. டவுன் வர்ற வரைக்கும் வாயைத் தெறக்க மாட்டேன், மைக்குலதான் தெறப்பேன்.

இதுல… உக்காந்துக்கலாமா?